ஏழில் நின்ற எண்

கால்குலேட்டர் திரையின் இடது ஓரத்துக் கட்டம் இருட்டாகக் கிடந்தது.

விளக்கேற்ற வந்த பிரேமா, தீக்குச்சி விரலைச் சுடும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டின் முன்னறைதான் கடை. தெருப்பக்கம் ஷட்டர், வீட்டுப்பக்கம் ஒரு மரக்கதவு, நடுவில் கடலைமிட்டாய் டப்பாக்கள் அடுக்கிய அலமாரியும் கல்லா மேஜையும். கடையைப் பூட்டி மாதங்கள் ஆகிவிட்டன, டப்பாக்களில் ஒன்றுமில்லை, ஆனாலும் வெல்லப்பாகும் வறுத்த கடலையும் சுக்கும் கலந்த வாடை சுவருக்குள் ஊறிப்போயிருந்தது. மாசி மாத வெக்கை தணிகிற சாயங்கால நேரத்தில் அது மெல்ல வெளியே வந்து அறையை நிறைத்துக்கொள்ளும். தினமும் அந்த நேரத்தில்தான் பிரேமா மரக்கதவைத் திறப்பாள். சாமி படங்களுக்கு விளக்கேற்றுவாள். மேஜைப் பக்கம் திரும்பாமல் போய்விடுவாள். மேஜையைப் பார்த்தால் மகனைப் பார்த்த மாதிரி இருக்கும், அப்புறம் இரவெல்லாம் தூக்கம் கிடையாது. இன்றைக்கு எப்படியோ பார்த்துவிட்டாள்.

மின்சாரத்தில் ஓடுகிற பழைய மேஜைக் கால்குலேட்டர் அது. கரண்டு போனால் உள்ளே இருக்கும் பேட்டரி தாங்கிக்கொள்ளும். பச்சை நிறத்தில் எண்கள் எரியும், எட்டு இலக்கம் கொள்ளும். எட்டுக் கட்டமும் நிறைந்து, ஐப்பசியிலிருந்து ஒரே எண்தான் அதில் எரிந்துகொண்டிருந்தது. 73939133. அடித்து வைத்தவன் ஹரிஹரசுதன். அவனுடைய விரல் கடைசியாகத் தொட்டது என்பதால் அதை யாரும் தொடக்கூடாது என்று பிரேமா சொல்லியிருந்தாள். இப்போது 7393913 என்று இருந்தது. கடைசி மூன்றைக் காணவில்லை, மற்றவை ஒரு கட்டம் வலப்பக்கம் நகர்ந்திருந்தன.

கடை வைத்திருப்பவர்கள் இரவில் கல்லாவைத் துடைத்து எடுக்கமாட்டார்கள். ஒற்றை நாணயமாவது உள்ளே கிடக்க வேண்டும், வெறுமையாக விட்டால் வீட்டுக்கு ஆகாது. பிரேமாவின் கணவர் நந்தகோபால் இதில் இன்னும் ஒரு படி மேலே. கால்குலேட்டரில்கூட வெறும் சைபரை விட்டுவிட்டுக் கடையை அடைக்கமாட்டார், எதையாவது அடித்து வைப்பார். பிளஸ் டூ படிக்கிற மகனுக்கு இதில் ஒரே கேலி. ஒருநாள் அப்பாவைத் தள்ளிவிட்டு அவன் இந்த எண்ணை அடித்தான்.

“இதை யாரும் பங்கு போட முடியாதும்மா” என்றான்.

“எண்ணுல என்னலே பங்கு?”

அவன் டப்பாவிலிருந்து மிட்டாய்த் துண்டுகளை எடுத்து மேஜையில் அடுக்கினான். “ஆறு துண்டு இருக்கு. ரெண்டு பேரு சமமா எடுக்கலாம், மூணு பேரு எடுக்கலாம். இப்ப ஏழு. எப்படிப் பிரிப்ப? ஒரே ஆளு மொத்தத்தையும் தூக்கிட்டுப் போனாத்தான் உண்டு. இல்ல, ஏழு பேரு ஆளுக்கு ஒண்ணு. வேற வழியே கெடையாது. இதுக்குப் பேரு பகா எண்.”

“ஒடச்சிக் குடுப்பேன்.”

“ஒடைக்கப்படாதும்மா. இந்த எண்ணும் அப்படித்தான். ஏழு கோடியே முப்பத்தொம்பது லட்சத்து முப்பத்தொம்பதாயிரத்து நூத்தி முப்பத்தி மூணு. எவனாலயும் பிரிக்க முடியாது. வேற பகா எண்ணா இருந்தா கடைசி இலக்கத்தக் கிள்ளுனதும் பெரும்பாலும் கெட்டுப்போகும். இது கெடாது. கிள்ளிக்கிட்டே வா. எட்டு இலக்கத்துலயும் அப்படித்தான், ஏழுலயும் அப்படித்தான், ஆறுலயும் அப்படித்தான். கடைசில தனியா ஒரு ஏழு நிக்கும் பாரு, அதுவரைக்கும் ஒண்ணையும் பிரிக்க முடியாது. இந்த மாதிரி எண்ணுல இதைவிடப் பெரிசு கெடையாது. இதுக்குப் பின்னால எந்த இலக்கத்தச் சேத்தாலும் போச்சு.”

பிரேமாவுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த வெளிச்சம் பிடித்திருந்தது. அன்றிலிருந்து தினமும் கடை அடைக்கும்போது அவன்தான் அதை அடித்து வைத்தான்.

பசுவந்தனையில் அவர்களுக்குக் கொஞ்சம் கரிசல் நிலம் உண்டு. அதில் மழைத்தண்ணீர் தேக்கப் பண்ணைக்குட்டை வெட்டியிருந்தார்கள். ஐப்பசி மழை விட்ட மறுநாள், தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கப் போனவன் திரும்பவில்லை. நீச்சல் தெரிந்த பையன். குட்டைக்குள் இறங்கிய காலைச் சேறு விடவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தபோது முழங்கால்வரை கருப்பாக இருந்தது. பிரேமா குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். கால் விரல் நகங்களுக்குள் இருந்த கருப்பு மட்டும் கடைசிவரை போகவே இல்லை. அந்தக் காலோடுதான் அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு நந்தகோபால் பாகு காய்ச்சும் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. கயத்தாறில் ஒரு குடோனுக்கு லோடு வண்டி ஓட்டப் போய்விட்டார். அன்றிரவு அவர் சாப்பிடும்போது பிரேமா கேட்டாள்.

“நீங்க கால்குலேட்டரைத் தொட்டீங்களா?”

“நான் அந்த ரூமுக்குள்ள போயே எம்புட்டு நாளாச்சி” என்றார். பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்து போய்விட்டார்.

மறுநாள் இரண்டு கட்டம் இருட்டாக இருந்தது. 739391.

பயந்திருக்க வேண்டும். ஆனால் அந்த இரண்டாவது இருட்டைப் பார்த்ததும் அவளுக்குள் வேறொன்று எழுந்தது. கிள்ளிக்கிட்டே வா என்றானே. இந்த விளையாட்டை அவன் சொல்லிக்கொடுத்தது அவளுக்குத்தானே. மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். தெருவில் ஒரு பைக் போனது, எதிர்வீட்டில் குக்கர் சத்தமிட்டது, அதெல்லாம் ஓய்ந்த இடைவெளியில் ஷட்டருக்கு அந்தப் பக்கம், படிக்கல்லில் யாரோ செருப்பின் அடிப்பகுதியைத் தேய்க்கிற சத்தம் கேட்டது. நிதானமாக, வலது கால், இடது கால், மறுபடி வலது கால். கரிசல் காட்டுக்குப் போய்வந்த யாருக்கும் அந்தச் சத்தம் தெரியும். மழைக்காலத்தில் செருப்போடு ஒரு படி மண் ஒட்டிக்கொண்டு வரும், தேய்த்து எடுக்காமல் வீட்டுக்குள் கால் வைக்க முடியாது. ஆனால் இப்போது ஊரே காய்ந்து கிடக்கிறது. காட்டில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. அறைக்குள் ஈரமண் வாடை அடித்தது.

வீட்டைச் சுற்றிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். படிக்கல்லில் யாரும் இல்லை. கல் சூடாக, உலர்ந்து கிடந்தது. மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது இன்னொரு இலக்கமும் போயிருந்தது.

அடுத்த நாள் மத்தியானம் சீனித்தாய் வந்தாள். கடை ஓடிய காலத்தில் பாகு காய்ச்சவும் மிட்டாய் வெட்டவும் வந்தவள், அடுத்த தெருவில் இருக்கிறாள். உட்காரவில்லை.

“ஒம் மக மாரிசெல்வி பள்ளிக்கூடம் விட்டதும் நேரா என் வீட்டுக்கு வந்து படுத்துத் தூங்குதா. ராத்திரி தூங்கவே மாட்டாளாமே. நீ பாக்குதியா இல்லியா?”

“தூங்கத்தான் செய்யுதா, அக்கா.”

“தலையில எண்ணெய் வச்சி எத்தன நாளாச்சி, பிரேமா? போனவன நெனச்சிக்கிட்டு, இருக்குறவளக் கைவிட்டுறாத. ஒனக்கு இன்னொண்ணு இருக்கு.”

பிரேமாவுக்குக் கோபம்தான் வந்தது. நாலாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்கு என்ன குறை, வேளைக்குச் சோறு போடுகிறோமே என்று நினைத்தாள். சீனித்தாய் போனதும் மணியைப் பார்த்தாள். சாயங்காலத்துக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

வெயில் இறங்கியதும் மரக்கதவைத் திறந்தாள். கால்குலேட்டரில் ஒரு கட்டம்கூட இருட்டாக இல்லை. எட்டும் நிறைந்திருந்தது. பிள்ளை வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான் என்றே தோன்றியது, புதைத்த அன்றைக்கு அழுததைவிட அதிகமாக அழுதாள்.

யார் செய்தது என்பது மறுநாள் தெரிந்தது. சீக்கிரமே வந்தாள். மரக்கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே ஸ்டூல்மேல் ஏறி நின்றுகொண்டு மாரிசெல்வி ஒற்றை விரலால் அடித்துக்கொண்டிருந்தாள். உதடு முணுமுணுத்தது. ஏழு, மூணு, ஒம்பது, மூணு, ஒம்பது, ஒண்ணு, மூணு, மூணு.

“ஏட்டி, என்ன பண்ணுத?”

பிள்ளை திடுக்கிடவில்லை. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. “அண்ணன் போடச் சொன்னான்.”

“எப்பச் சொன்னான்?”

“தெனமுந்தான் சொல்லுதான். ஷட்டருக்கு அங்கன நின்னுக்கிட்டு.”

பிரேமா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். பயம் வரவில்லை. வந்தது பொறாமை. பெற்ற மகள்மேல் பொறாமை. “எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீ அழுதுக்கிட்டே இருக்கியாம். ஒனக்குக் கேக்காதுங்கான்.” மாரிசெல்வி கீழே இறங்கினாள். “அவன் ஒத்தையில இல்லம்மா. பின்னாலயே நெறைய பேரு வந்து நிக்காவளாம். அவியதான் கிள்ளுதாவளாம். கிள்ளக் கிள்ளப் பிரிக்க முடியாத எண்ணு, அதனால அவியளால உள்ள வர முடியலியாம். நீ திரும்பத் திரும்பப் போட்டுக்கிட்டே இரு, சைபரா மட்டும் விட்டுறாதன்னான். சைபர எந்த எண்ணாலயும் மிச்சமில்லாம வகுக்கலாமாம். அப்ப யாரு வேணாலும் பங்குக்கு வந்துருவாவளாம்.”

“எதுல பங்கு?”

மாரிசெல்வி அம்மாவின் சேலை நுனியைப் பிடிக்க வந்தாள். பிரேமா கையைத் தட்டிவிட்டாள்.

“அப்ப நீதானாட்டி அவன வெளிய நிறுத்தி வச்சிருக்க?”

அடித்துவிட்டாள். இதுவரை அந்தப் பிள்ளையை அவள் அடித்ததே இல்லை. மாரிசெல்வி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, அழாமல், ஷட்டரைத்தான் திரும்பிப் பார்த்தாள்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளைப் பிரேமா சீனித்தாய் வீட்டுக்குப் போக விடவில்லை. சோறு ஊட்டினாள், தலைக்கு எண்ணெய்கூட வைத்துவிட்டாள், பிறகு உள் அறையில் பாய் விரித்துப் படுக்கவைத்துக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். கொஞ்ச நேரத்துக்குத்தான், கண்ணு, என்று பூட்டிய கதவிடம் சொன்னாள். நந்தகோபால் வண்டியோடு ஓட்டப்பிடாரம் போயிருந்தார்.

விளக்கேற்றிவிட்டு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஷட்டரின் அடியில் கோடாகத் தெரிந்த தெருவெளிச்சம் மஞ்சளாகி, செம்மண் நிறமாகி, மெல்ல மங்கியது. ஈரமண் வாடை வெல்ல வாடையை அமுக்கிக்கொண்டு ஏறியது. உள் அறையிலிருந்து மாரிசெல்வியின் குரல் மரக்கதவைத் தாண்டி மெலிதாக வந்துகொண்டிருந்தது. அடிக்கக் கை எட்டாததால் வாயால் சொல்லிக்கொண்டிருந்தாள். ஏழு, மூணு, ஒம்பது, மூணு, ஒம்பது.

திரையில் கடைசி இலக்கம் அணைந்தது. மற்றவை ஒரு கட்டம் நகர்ந்தன.

7393913.

படிக்கல்லில் செருப்புத் தேய்த்தது.

739391.

“வந்துட்டியாய்யா” என்றாள்.

73939.

விளக்குச் சுடர் ஷட்டர் பக்கமாகச் சாய்ந்தது. காற்றே இல்லை.

7393.

தேய்க்கும் சத்தம் வேகமானது. ஒரு ஜோடிச் செருப்பின் சத்தமாக இல்லை.

739.

73.

7.

ஏழு மட்டும் வலது ஓரத்தில் நின்றது. அணையவில்லை. பிரேமா காத்திருந்தாள். விளக்கில் எண்ணெய் குறைந்தது. வெளியே எல்லாச் சத்தமும் நின்றுபோய், ஷட்டர் தகரம் மட்டும் யாரோ முதுகைச் சாய்த்துத் தாங்குவதுபோல் உள்பக்கமாக லேசாக வளைந்து, முனகிக்கொண்டிருந்தது. உள் அறையில் மாரிசெல்வி இப்போது ஒரே இலக்கத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஏழு. ஏழு. ஏழு. தொண்டை கட்டிப்போன குரல்.

அவன் நிற்கிறான். கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறான். இத்தனை மாதம் ஈரக் காலோடு நிற்கிறான். இதை மட்டுமே பிரேமா நினைத்தாள். பூட்டிய அறையில் இருப்பவளை அந்த நேரத்தில் அவள் நினைக்கவே இல்லை.

அழிக்கிற பொத்தானில் விரலை வைத்தாள். அழுத்தினாள்.

0.

தகரத்தின் முனகல் நின்றது.

“சுதா” என்று கூப்பிட்டாள். “உள்ள வாய்யா.”

பதில் வந்தது. ஷட்டரோடு ஒட்டி, தரைக்குப் பக்கத்திலிருந்து. அவன் குரல்தான். அழுதுகொண்டிருந்தான்.

“ஏம்மா?”

அவ்வளவுதான் கேட்டான். அதற்குள் அவள் முழங்காலை உரசிக்கொண்டு குளிர்ச்சியாக ஏதோ போனது. பின்னாலேயே இன்னொன்று. இன்னொன்று. ஷட்டர் திறக்கவில்லை. பூட்டு அப்படியே தொங்கியது. ஆனால் சிமெண்டுத் தரையில் கருப்பு ஈரத் தடங்கள் விழுந்துகொண்டே வந்தன. பெரிய பாதம். விரல் அகன்ற பாதம். கைக்குழந்தையுடையதைப் போலச் சின்னப் பாதம். ஒன்றின்மேல் ஒன்று. மேஜைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம். அவளை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. எல்லாம் மரக்கதவைத் தாண்டி வீட்டுக்குள் போயின.

பாய்ந்து எண் பொத்தான்களை அடித்தாள். ஏழு. மூணு. ஒம்பது. அடித்த எதுவும் திரையில் ஏறவில்லை. சைபர் எரிந்தது.

உள்ளே மாரிசெல்வியின் குரல் நின்றுவிட்டது.

ஓடினாள். தரை வழுக்கியது. விழுந்தாள், எழுந்தாள். இடுப்பில் சாவி. பூட்டு பூட்டியபடிதான் இருந்தது. கதவுக்கு அடியில் தடங்கள் நுழைந்திருந்தன. பின்னால், கடைக்கு வெளியே, ஷட்டரை ஒருவன் இரண்டு கையாலும் அடிக்க ஆரம்பித்திருந்தான். அம்மா, அம்மா, என்று அடித்துக்கொண்டிருந்தான். சாவி நுழைந்தது. திரும்பியது.

அறை நிறைய உட்கார்ந்திருந்தார்கள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, வரிசை வரிசையாக, எல்லா வரிசையிலும் சமமாக, ஒருவர்கூட அதிகமாகாமல் குறையாமல். சுவர் இருக்க வேண்டிய இடத்திலும் வரிசைகள் போய்க்கொண்டே இருந்தன. நடுவில் பாயில் மாரிசெல்வி படுத்திருந்தாள். ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு கருத்த ஈரக் கை நீண்டு அவள்மேல் இருந்தது. நெற்றியில், கழுத்தில், எண்ணெய் வைத்த தலையில், சுண்டுவிரலில். யாரும் அவளை இழுக்கவில்லை. பங்கில் இன்னும் இடம் கிடைக்காதவர்களுக்காகக் காத்திருந்தார்கள். மாரிசெல்வி கண்ணை மட்டும் திருப்பி அம்மாவைப் பார்த்தாள். இப்போது அந்தச் சின்ன உடம்பில் கை படாத இடம் ஒன்றுகூட மிச்சமில்லை.